நேசமலரின் ஐந்தாவது விதி

மார்கழி பதினாறாம் தேதி காலையில், நத்தாருக்கு ஒன்பது நாள் இருக்க, நேசமலர் அலுமாரிக்கு மேலிருந்த சோடனை அட்டைப் பெட்டியை இறக்கவில்லை. அவளுடைய அறுபத்தொரு வயதில் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. முதல் முறை அப்பா செத்த வருடம், பிறகு அம்மா. இந்த முறை தம்பி.

துக்க வீட்டில் முதல் வருடம் கிறிஸ்து பிறப்புக்கு நத்தார் மரம் வைப்பதில்லை. கேக் அடிப்பதில்லை. வாசலில் நட்சத்திரக் கூடு தொங்கவிடுவதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தரும் பலகாரத்தை மட்டும் வாங்கி மேசையில் வைக்கலாம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த ஒடுங்கிய ஒழுங்கை வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மறந்து போகிறவர்களுக்கு ஞாபகப்படுத்துவதற்கென்றே நேசமலர் இருந்தாள்.

ஆனாலும் மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பெட்டியைத் தொடாமல், அதற்குப் பின்னால் தனியாக இருந்த பழைய பால்மாத் தகரப் பேணியை மட்டும் எடுத்தாள். மூடியை நெம்பித் திறந்து பஞ்சை விலக்கிப் பார்த்தாள். கண்ணாடி நட்சத்திரம் பத்திரமாக இருந்தது. மூடியை இறுக்கி, துவாய் ஒன்றில் சுற்றிப் பையில் வைத்தாள். அதன் பக்கத்தில், தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியையும் வைத்தாள். அதை இரண்டு தரம் வெளியே எடுத்தாள். மூன்றாம் தரம் வைத்துப் பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

வாசலில் பக்கத்து வீட்டு நஸ்லா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்க நேசக்கா, வெயில்ல? பையில என்ன, டின்னா? கேக்கா? எங்களுக்கு ஒண்ணும் இல்லாம ஒளிச்சிட்டுப் போறீங்களா?"

"இந்த வருசம் எங்கட வீட்டில கேக்கோ? உனக்கு விசரே."

நஸ்லா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மறந்துட்டேன் அக்கா. வருஷா வருஷம் இன்னைக்குத்தானே ஒங்கட தம்பி வருவாரு. எங்கட மகன் கூட 'சுகிர்தன் அங்கிள் சொக்லட் கொண்டு வருவாரு'ன்னு காலையில கேட்டான். நான் என்னத்தச் சொல்ல?"

"சொல்லாத. நான் வெள்ளவத்தைக்குப் போட்டு வாறன். பைப்பில தண்ணி வந்தா என்ர வாளியையும் நிரப்பி விடு."

"பிள்ளையப் பாக்கவா?"

நேசமலர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். தம்பியின் பிள்ளையைப் பார்க்கத்தான். ஆனால் பிள்ளை தன்னைப் பார்க்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நேசமலர் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிறகு முப்பத்தொரு வருடம் ஒரு சேட் தைக்கிற தொழிற்சாலையில் செக்கர். தைத்து வருகிற சேட்டை மேசையில் விரித்துக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினால், எங்கே ஒரு தையல் தவறியிருக்கிறது என்று கண்ணுக்கு முன் விரல் சொல்லிவிடும். அவளுடைய மேசையைத் தாண்டிப் போன சேட் ஒன்றும் திரும்பி வந்ததில்லை. தையல்காரப் பெட்டைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. அவளுக்கு அது தெரியும். கோபமில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை கூட.

அதைவிடப் பெரிய பெருமை தம்பி. பத்து வயது இளையவன். அவன் படித்ததும், கட்டடக் கொம்பனியில் குவான்டிட்டி சேர்வேயர் ஆனதும், வெள்ளவத்தையில் வீடு வாங்கியதும் ஒழுங்கை முழுக்கத் தெரியும். மீன்காரனுக்கும் தெரியும். தான் கலியாணம் கட்டாமல் போனதைப் பற்றி யாராவது இழுத்தால், "எனக்குத்தான் ஒரு பிள்ளை இருக்கே" என்று தம்பியைச் சொல்லி வெட்டிவிடுவாள்.

மரம் வைக்கும் பழக்கம் அப்பா தொடங்கியது. அப்பா மரியாம்பிள்ளை துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டினார். முகத்துவாரக் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு சவுக்குக் கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். மண்ணெண்ணெய்த் தகரத்தில் கடல் மண் நிரப்பி, செங்கல் துண்டு வைத்து இறுக்கி, தகரத்தைச் சுற்றிப் பச்சைக் கிரேப் தாள் ஒட்டுவார். பனிக்குப் பஞ்சு. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை நெருப்புப்பெட்டிகளுக்குச் சுற்றி அம்மா சின்னச் சின்னப் பரிசுப் பெட்டிகள் செய்வாள். நூலில் பின்னிய மணி ஒன்று, பஞ்சு ஆட்டுக்குட்டி ஒன்று. மிச்சமெல்லாம் கப்பல்காரர் கொடுத்த கண்ணாடி உருண்டைகள், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. அப்படி ஒரு வருடம், ஏதோ ஒரு வடக்கு நாட்டுக் கப்பலின் சமையல்காரன் கொடுத்தது அந்த நட்சத்திரம். வெள்ளிப் பூச்சுக் கண்ணாடி, ஐந்து முனை, அடியில் கிளையைச் செருக ஒரு குழல். அப்பா அதைத் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்து, பஸ்ஸில் ஏறாமல் துறைமுகத்திலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தார். நெரிசலில் உடைந்துவிடும் என்ற பயம்.

நேசமலருக்குப் பன்னிரண்டு வயதாகும் வரைக்கும் அந்த நட்சத்திரத்தை வைத்தது அவள்தான். அப்பா இடுப்பில் பிடித்துத் தூக்குவார். அவள் உச்சிக் கிளையில் செருகுவாள். அந்த வருடம் மார்கழியில் அப்பா அவளைப் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொன்னார்.

"இந்த முறை தம்பி வைக்கட்டும், என்ன? அவனுக்கு இப்ப ரெண்டு வயசு. இளையவனுக்குத்தான் நட்சத்திரம்."

"அப்ப எனக்கு?"

அப்பா சட்டைக்குள்ளிருந்து ஒரு புதுச் சீ.ஆர். கொப்பியை எடுத்தார். துறைமுகக் கந்தோரில் யாரிடமோ கேட்டு வாங்கியது.

"மூத்தவளுக்குக் கொப்பி. எது எங்க தொங்க வேணும் எண்டு நீ எழுதி வை. கொப்பி இல்லாட்டி நட்சத்திரத்துக்குத் தன்ர இடம் எதெண்டு தெரியாது, பாத்துக்கொள்."

அவள் அழவில்லை. அன்றைக்கே அடிமட்டம் வைத்துக் கோடு கீறி உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் விதிகள். ஒன்று, மரம் மார்கழி பதினாறில் வைக்கப்படும், தை ஆறு, மூன்று ராசாக்கள் திருநாளில் இறக்கப்படும். இரண்டு, ஒவ்வொரு பொருளும் தன் இலக்கத்தில் தொங்கும். மூன்று, வீட்டார் எல்லாரும் வந்த பிறகே நட்சத்திரம் ஏறும். நான்கு, நட்சத்திரத்தை வீட்டில் இளையவர் வைப்பார். கொஞ்சம் இடம் விட்டு, பக்கத்தின் அடியில் அப்பாவின் கையெழுத்து. அடுத்த பக்கத்தில் மரத்தின் படம், இருபத்துமூன்று சிறு வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். பஞ்சு ஆட்டுக்குட்டி ஒன்பது. அம்மாவின் நூல் மணி பதினான்கு. உச்சியில் இலக்கமில்லாமல் நட்சத்திரம்.

அவளுக்குப் பதினேழு நடக்கும்போது, ஒரு ஆவணி மாதம் அப்பா போய்விட்டார். அந்த வருடம் மரமில்லை. அதற்கடுத்த மார்கழியில் அம்மா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க, சுகிர்தனை யார் தூக்குவது என்ற கேள்வி வந்தது. நேசமலர் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு அவனைத் தூக்கினாள். ஏழெட்டு வயதுப் பையன், பாரமாகத்தான் இருந்தான். அவனுடைய முழங்கால்கள் அவளுடைய விலா எலும்பில் குத்தின.

"விழுத்திப் போடாதேங்கோ அக்கா."

"விழுத்த மாட்டன். நீ மேல பார்."

நட்சத்திரம் ஏறியது. இறங்கியதும் அவன் அவளுடைய பென்சிலைப் பிடுங்கி, கொப்பியில் மரப் படத்தின் உச்சிக்குப் பக்கத்தில் தன் பெயரைப் பெரிய கோணல் எழுத்தில் எழுதிவிட்டான். எழுத்து கோட்டைத் தாண்டிப் பக்கத்து வட்டங்கள் மேல் ஏறிப் படுத்திருந்தது. கொப்பியைப் பழுதாக்கியதற்கு அவள் ஒரு குட்டு வைத்தாள். ஆனால் அழிறப்பரை எடுத்தவள், அழிக்காமல் திரும்ப வைத்துவிட்டாள்.

பிறகு அவன் வளர்ந்தான். தூக்கத் தேவையில்லாமல் போனது. அவள் ஸ்டூலைப் பிடிப்பாள். பிறகு ஸ்டூலும் தேவைப்படவில்லை. அம்மாவும் போனாள். சவுக்குக் கிளைக்குப் பதில் நுவரெலியாவிலிருந்து லொறியில் வரும் சைப்பிரஸ் வந்தது. ஆனால் பதினாறாம் தேதி பின்னேரம் எங்கே இருந்தாலும் சுகிர்தன் வந்துவிடுவான். காலை நீட்டி உட்கார்ந்து, அவள் கொப்பியைப் பார்த்து இலக்கம் சொல்ல, அவன் தொங்கவிடுவான்.

"அக்கா, ஆட்டுக்குட்டிக்கு ஒரு கால் இல்லை. அதுக்கு இந்த வருசம் பென்சன் குடுப்பமா?"

"ஒன்பதில கொழுவு. கதைக்காத."

யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை சுபோதினியை அவன் கட்டினபோதும் அது நிற்கவில்லை. பதிவுத் திருமணம். நேசமலர் தன்னுடைய ஒரே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போய்ச் சாட்சிக் கையெழுத்தும் போட்டாள். பிள்ளை பிறந்தது. ஜெனிற்றா என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. வளர்ந்து தானே தெரிந்தெடுக்கட்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். நேசமலர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டதுதான் பிழை.

நாலாம் விதிப்படி, பிள்ளை பிறந்த நாள் முதல் நட்சத்திரம் அவளுடையது. நேசமலர் வருடத்துக்கு ஒரு சாட்டுச் சொன்னாள். கைக்குழந்தை. சின்னப் பிள்ளை, உடைச்சுப்போடும். தடிமன், தும்மினால் கை ஆடும். போன வருடத்துக்கு முந்திய மார்கழியில் ஜெனிற்றாவுக்குப் பதினொரு வயது. சாட்டு ஒன்றும் மிச்சமில்லை. இருபத்துமூன்றும் தொங்கி முடிந்ததும், சுகிர்தன் நட்சத்திரத்தைப் பஞ்சிலிருந்து எடுத்து மகளின் கையில் கொடுத்தான். பிள்ளை ஸ்டூலில் ஏறியது.

நேசமலர் அவளுடைய கையிலிருந்து நட்சத்திரத்தை வாங்கிவிட்டாள். தான் என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாய் திறந்தபோது வந்தது இது:

"ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளை நட்சத்திரம் ஏத்துறேல்ல."

ஜெனிற்றா ஸ்டூலில் நின்றபடி தகப்பனைப் பார்த்தாள். சுபோதினி குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றாள். சுகிர்தன் சத்தம் போடவில்லை. அவன் எப்போதும் சத்தம் போடுகிறவனில்லை.

"அது எந்தக் கொப்பியில இருக்கு அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அவன் நட்சத்திரத்தை அவளுடைய கையிலிருந்து மெதுவாக வாங்கி, பஞ்சில் சுற்றி, பேணிக்குள் வைத்து மூடினான். பிள்ளையை ஸ்டூலிலிருந்து இறக்கினான். மூன்று பேரும் போனார்கள். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு நேசமலர் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடமும் சொன்னதில்லை. கொப்பியை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். நாலாம் விதிக்கும் அப்பாவின் கையெழுத்துக்கும் நடுவில் இருந்த அந்த இடத்தில், அடிமட்டம் வைத்து, தன் நல்ல எழுத்தில் எழுதினாள். ஐந்து, நட்சத்திரம் ஏற்றுபவர் ஞானஸ்நானம் பெற்றவராக இருத்தல் வேண்டும். அவன் இன்னொரு தரம் கேட்டால் காட்டுவதற்கு. மற்ற நாலு வரியும் பழுப்பாய் மங்கிப் போயிருக்க, ஐந்தாவது மட்டும் பளிச்சென்று நீலமாக நின்றது. ஆயிரம் சேட்டில் ஒரு தையல் பிழையைக் கண்டுபிடிக்கிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே மூடி வைத்தாள்.

அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் கதைக்காமல் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பான். பிறஷர் குளிசை முடிந்துவிட்டதா என்று கேட்பான். மழை கதைப்பார்கள், மீன் கதைப்பார்கள். நட்சத்திரம் மட்டும் கதைப்பதில்லை. அடுத்த மார்கழி வரப்போகிறது என்றபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னான்: "அக்கா, நீங்கள் ஒருக்காப் பிள்ளையோட கதையுங்கோ. ஒரு சொல்லு. 'வா பிள்ளை' எண்டு கூப்பிடுங்கோ. அதுவே போதும். நாங்கள் வந்திடுவம்."

"பாப்பம்," என்றாள் நேசமலர்.

மூத்தவள், அறுபது வயதுக்காரி, ஒரு சின்னப் பெட்டையிடம் போய் முதலில் வாய் திறப்பதா? பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினாறு வந்தது, போனது. தனியே மரத்தை வைத்தாள். இருபத்துமூன்றும் தொங்கின. மூன்றாம் விதிப்படி வீட்டார் எல்லாரும் வராதபடியால் உச்சியை மொட்டையாக விட்டாள். நத்தார் அன்றைக்கு அவன் தனியாகக் கேக்கோடு வந்தான். அவள் தேத்தண்ணி ஊற்றப் போனாள். திரும்பி வந்தபோது, கொப்பி அவன் கையில் திறந்திருந்தது. முதல் பக்கம்.

அவன் மூடினான். இருந்த இடத்திலேயே, விளிம்பு விளிம்போடு பொருந்த வைத்தான். அந்தப் பழக்கம் அவளிடமிருந்து அவன் பழகியது.

"மரம் வடிவா இருக்கு அக்கா," என்றான். தேத்தண்ணியைக் குடித்தான். போனான்.

இந்த வருடம் புரட்டாதியில் ஒரு காலை, வேலை நடக்கிற கட்டடத்தின் படிக்கட்டில் சுகிர்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தொரு வயது. செத்த வீட்டில் நேசமலர் ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பிள்ளை தாயின் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் பூசையிலும் அப்படித்தான்.

புறக்கோட்டையில் இறங்கிக் காலி வீதி பஸ் ஏறி, வெள்ளவத்தையில் இறங்கும்போது மூன்று மணி. கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் தம்பியின் அடுக்குமாடி ப்ளற். வாசலில் காவலுக்கு இருந்த சிங்களக் கிழவர் வருகிறவர்கள் பெயர் எழுதும் கொப்பியை நீட்டினார்.

"கொஹேத அம்மே?" எங்கே என்று கேட்டார்.

"மல்லிகே கெதர," என்றாள். தம்பி வீட்டுக்கு.

இத்தனை வருடம் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. கிழவர் நீட்டிய கொப்பியைத் தானே வாங்கி மூடிவிட்டு, லிப்ட் பொத்தானை அமத்திக் கொடுத்தார்.

கதவைத் திறந்தது சுபோதினி. மெலிந்திருந்தாள்.

"வாங்கோ மச்சாள். ஒரு கோல் எடுத்திருந்தா நான் பஸ்ராண்டுக்கு வந்திருப்பன். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் பிள்ளை. ஜெனிற்றா நிக்கிறாளோ?"

சுபோதினி அவளுடைய பையைப் பார்த்தாள். இன்றைக்கு என்ன தேதி என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. "நிக்கிறாள்," என்று உள்ளே போனாள். உள்ளே தணிந்த குரலில் ஏதோ பேச்சு நடந்தது. இரண்டு தரம் 'மாட்டன்' என்று கேட்டது. ஹோலில் சுகிர்தனின் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. ரயில் ஒன்று கடற்கரையோரம் போக, யன்னல் கண்ணாடி நடுங்கியது.

ஜெனிற்றா வந்தாள். உயர்ந்துவிட்டாள். நெற்றியும் காதும் அப்படியே அவன். கதிரையில் இருக்காமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நேசமலர் பேணியை எடுத்து மேசையில் வைத்தாள். வழி முழுக்க யோசித்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

"இது உன்ர. எப்பவோ தந்திருக்க வேணும்."

பிள்ளை பேணியைத் தொடவில்லை. "இந்த வருசம் மரம் இல்லைத்தானே மாமி."

"இல்லை. ஏத்தச் சொல்லித் தரேல்ல. வச்சிரு எண்டு தாறன்."

"நான் ஞானஸ்நானம் எடுக்கேல்லையே."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். பிள்ளை அதை ஒரு தகவல் போலச் சொன்னாள். சுபோதினி, "ஜெனி," என்றாள். நேசமலர் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"அப்பிடி ஒரு விதி இல்லைப் பிள்ளை. அண்டைக்கு நான் பொய் சொன்னனான்."

சொல்லிவிட்டாள். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அரைகுறையாக ஒரு வேலை செய்து அவளுக்குப் பழக்கமில்லை. பையிலிருந்து கொப்பியை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து பிள்ளையின் முன்னால் வைத்தாள். ஜெனிற்றா குனிந்து வாசித்தாள். ஒன்றிலிருந்து நான்கு வரைக்கும் வேகமாக. பிறகு நின்றாள். அவளுடைய விரல் நீல எழுத்தின் மேலே, தொடாமல், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனது.

"இது எப்ப எழுதினது?"

"நீங்கள் போன உடன."

"அப்பாட கேள்விக்காக?"

"ஓம்."

"அப்பப்பாட கையெழுத்துக்கு மேல?"

"ஓம்."

பிள்ளை நிமிர்ந்தாள். "அப்பா இதைப் பாத்தவரோ?"

இந்தக் கேள்வி வரும் என்று நேசமலர் பஸ்ஸில் நினைக்கவில்லை. இல்லை என்று சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பார்த்தவன் மண்ணுக்குள். விளக்குக்குப் பின்னால் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"பாத்தவன். நத்தார் அண்டைக்கு."

ஜெனிற்றா தலையாட்டினாள். எதையோ இவ்வளவு நாளும் தேடி, இப்போது கண்டுபிடித்தவள் போல இருந்தது அந்தத் தலையாட்டல். கைப்பேசியை எடுத்து விரலால் தள்ளித் தள்ளித் தேடி, மேசையில் வைத்து நேசமலர் பக்கம் திருப்பினாள். படத்தில் இதே ஹோல், இதே யன்னல். ஒரு பிளாஸ்ரிக் மரம்.

"போன வருசம் அப்பா வச்சது. கொப்பி இல்லாம ஞாபகத்தில."

நேசமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். கட்டைவிரல் தானாகவே கண்ணாடித் திரையில் ஒவ்வொன்றாகத் தடவியது. கடையில் வாங்கிய உருண்டைகள். ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று, இரண்டின் இடத்தில் இரண்டு. ஒன்பதில் பஞ்சுருட்டிச் செய்த ஒரு ஆட்டுக்குட்டி, மூன்று காலோடு. பதினான்கில் ஒரு மணி. இருபத்துமூன்று வரைக்கும் போனாள். ஒரு பிழை இல்லை. உச்சி வெறுமையாக இருந்தது.

"நட்சத்திரம்?"

"அம்மா வாங்குவம் எண்டவ. அப்பா விடேல்ல. மாமி கூப்பிடுவா, பொறு எண்டவர். ஒவ்வொரு நாளும் சொன்னவர். நத்தார் அண்டைக்கு உங்கட வீட்ட போட்டு வந்து, ஒண்டும் கதைக்காம இருந்தார். பேந்து, 'வா, கீழ கடையில ஒரு நட்சத்திரம் வாங்கிக்கொண்டு வருவம்' எண்டார். ஏன் எண்டு கேட்டன். சொல்லேல்ல." பிள்ளையின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "நான் தான் வேண்டாம் எண்டனான். மாமி கூப்பிடுவா எண்டு நான் சொன்னனான். மூண்டு ராசாக்கள் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான் மாமி. ஃபோனைப் பக்கத்தில வச்சுக்கொண்டு."

சுபோதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு யன்னல் பக்கம் போனாள்.

நேசமலர் வாய் திறந்தாள். 'வா பிள்ளை' என்ற அந்த இரண்டு சொல். இப்போது சொன்னால் அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜெனிற்றா கொப்பியின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். மரத்தின் படம். உச்சிக்குப் பக்கத்தில், கோட்டைத் தாண்டிப் பக்கத்து வட்டங்கள் மேல் ஏறிப் படுத்திருந்த கோணல் பெயர்.

"இது அப்பாட எழுத்தோ?"

"ஓம். அப்ப அவனுக்கு உன்னை விடச் சின்ன வயசு. கொப்பியைப் பழுதாக்கினதுக்கு ஒரு குட்டு வச்சனான்."

பிள்ளை கதிரையில் உட்கார்ந்தாள். அந்த எழுத்தின் மேலே உள்ளங்கையை வைத்தாள். கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு கொப்பியை மூடி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பேணியை மேசையில் நேசமலரின் பக்கமாகத் தள்ளினாள்.

"நட்சத்திரம் வேண்டாம் மாமி. இதை மட்டும் நான் வச்சிருக்கட்டோ?"

நாற்பத்தொன்பது வருடக் கொப்பி. அது இல்லாமல் அவள் ஒரு மரம் வைத்ததில்லை.

"வச்சிரு," என்றாள்.

பேணியைப் பையில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினாள். சுபோதினி தடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஜெனிற்றா லிப்ட் வரைக்கும் வந்தாள். கொப்பி இன்னும் அவளுடைய நெஞ்சோடுதான் இருந்தது. லிப்ட் மேலே வரும் வரைக்கும் இரண்டு பேரும் அதன் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தது. நேசமலர் உள்ளே போய்த் திரும்பினாள்.

"பஸ்ஸில இப்ப சனமாயிருக்கும்," என்றாள் பிள்ளை, நிலத்தைப் பார்த்தபடி. "விழுத்திப் போடாதேங்கோ."

கதவு மூடிக்கொண்டது.

சனமாகத்தான் இருந்தது. கந்தோர் விட்ட நேரம். ஒரு பெடியன் எழும்பி இடம் கொடுத்தான். நேசமலர் பேணியைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பம்பலப்பிட்டிக் கடைகளில் எல்லாம் மரங்கள் மின்னின. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் சாரதி திடீரென்று பிரேக் போட்டான். நின்றவர்கள் எல்லாரும் முன்னே சாய்ந்தார்கள். யாரோ ஒருவருடைய முழங்கால் அவளுடைய விலாவில் குத்தியது. அவள் குனிந்து பேணியை வயிற்றோடு இறுக்கினாள்.

"விழுத்த மாட்டன்," என்றாள்.

பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.